வைக்கோலைக் கொளுத்தும் முன் ஒரு கணக்கு

(மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல் பட்டயப் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டோம். என் பங்குக்கு நான் வைக்கோலை எடுத்துக்கொண்டேன். மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களைக் கொண்டு வீணாய்ப் போகும் வைக்கோலை எருவாக்குவது எப்படி என்பதுதான் விஷயம். இது விவசாயக் கல்லூரிக்காரர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் கெமிஸ்ட்ரியும் இருக்கிறது, மெக்கானிக்கலும் இருக்கிறது. நாம் முதலாண்டில் போட்ட சாதாரண விகிதக் கணக்கும் இருக்கிறது. சொல்லப்போனால் அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

தீப்பெட்டி ஏன் ஜெயிக்கிறது?

காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். மழையும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் வரும். எங்கள் வீட்டுக்கு அங்கே அஞ்சு மா நிலம் உண்டு. முன்பு கையால் அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலைப் போர் போட்டு வைப்பார்கள். இப்போது அறுவடை மிஷின் வந்து சட்டென்று வேலையை முடித்துவிடுகிறது. நெல் டிராக்டரில் ஏறிவிடும். வைக்கோல் வயலிலேயே வரிவரியாகக் கிடக்கும். வெயில் அடித்தால் கட்டு கட்டுகிற மிஷின்காரர் வந்து சுருட்டிக்கொண்டு போவார். மழை விழுந்துவிட்டால்? நனைந்து கறுத்த வைக்கோலை மாடும் தின்னாது, வியாபாரியும் தொடமாட்டார். அங்கே நாற்றங்காலில் தாளடி நாற்றுக்கு வயசு ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் ஒரு தீக்குச்சி. அரை நாளில் வயல் காலி!

இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. எங்கள் அப்பாவும் கொளுத்தியிருக்கிறார். அவருக்கு நேரம் இல்லை, ஆள் இல்லை, வேறு வழியும் தெரியாது.

இதே நெருக்கடி பஞ்சாப், அரியானாவில் பல மடங்கு பெரியது. அங்கே நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இடையில் 20, 25 நாள்தான் கிடைக்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் பஞ்சாபில் ஒரு சட்டம் வந்தது. நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போட்டது. நடவு தள்ளிப் போனதால் அறுவடையும் தள்ளிப் போனது. இடைவெளி இன்னும் சுருங்கியது. அந்தப் புகைதான் டெல்லி வரை போய் மூச்சு முட்ட வைக்கிறது. நம்ம பக்கம் வைக்கோலுக்கு மாட்டுத் தீவன மதிப்பு இருப்பதால் அந்த அளவு எரிப்பதில்லை. ஆனால் நனைந்த வைக்கோலின் கதை இங்கேயும் அதேதான்.

ஒரு டன் வைக்கோலைக் கொளுத்தினால் என்ன போகிறது? சுமார் 1,460 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 60 கிலோ கார்பன் மோனாக்சைடு, 3 கிலோ நுண்துகள் காற்றில் கலக்கின்றன. வைக்கோலில் இருந்த தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. மணிச்சத்தில் கால் பங்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போகின்றன. ‘மீதி சாம்பலா வயல்லதானே கிடக்கு?’ என்று கேட்கலாம். கிடக்கிறது, ஆனால் வைக்கோல் கிடந்த வரியில் மட்டும் கிடக்கிறது. அடுத்த மழையில் அதிலும் ஒரு பகுதி வாய்க்காலோடு போகும். கார்பனோ மொத்தமாகப் போய்விட்டது. அது ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

சோறும் வைக்கோலும் ஒரே சரக்கு!

நாம் சாப்பிடும் சோற்றில் இருப்பது மாவுச்சத்து. அது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. வைக்கோலில் அதிகமாக இருப்பது செல்லுலோஸ். அதுவும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைதான்! அப்படியானால் சோறு தின்கிற நாம் ஏன் வைக்கோல் தின்ன முடியவில்லை? கோக்கிற முடிச்சு வேறு. மாவுச்சத்தில் ஆல்ஃபா பிணைப்பு. மாலை சுருண்டு, தளர்ந்து இருக்கும். நம் எச்சிலில் உள்ள நொதியே அதை வெட்டத் தொடங்கிவிடும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. மணிகள் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக நிற்பதால் மாலை நேராக நீளும். நேரான மாலைகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக் கயிறாகிவிடும். அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதி நம் உடம்பில் கிடையாது.

சிவில் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வைக்கோல் தண்டு ஒரு ஆர்.சி.சி. தூண் மாதிரி. செல்லுலோஸ்தான் உள்ளே ஓடும் கம்பி, 35 முதல் 40 சதவீதம் வரை. ஹெமிசெல்லுலோஸ் அதைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டுக்கம்பி, 20 முதல் 25 சதவீதம். லிக்னின் சுற்றிலும் ஊற்றிய கான்கிரீட், 10 முதல் 15 சதவீதம். மேலே சிலிக்காவும் மெழுகும் சேர்ந்த ஒரு பூச்சு. கம்பியைத் தொட வேண்டுமென்றால் பூச்சையும் கான்கிரீட்டையும் தாண்டித்தான் போக வேண்டும். வைக்கோலை நறுக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தின்பது யார்?

நல்ல மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். அவற்றில் எல்லோரும் வைக்கோல் தின்பவர்கள் அல்ல. செல்லுலோமோனாஸ், சைட்டோபேகா, பாசில்லஸ் வகைகள், ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆகியவை செல்லுலோஸை உடைப்பவற்றில் முக்கியமானவை. முதல் மழையில் மண் மணக்கிறதே, அந்த வாசனையைத் தயாரிப்பதும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டம்தான்.

பாக்டீரியாவுக்கு வாய் இல்லை. செல்லுலோஸ் மாலையோ அதன் உடம்புக்குள் நுழைய முடியாத நீளம். அதனால் அது நொதிகளை வெளியே அனுப்பிச் சமைத்துவிட்டு, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. மூன்று வகை நொதிகள் இந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்று மாலையை நடுநடுவே வெட்டும். இன்னொன்று வெட்டிய முனையிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். மூன்றாவது அந்த ஜோடியைப் பிரித்துக் குளுக்கோஸ் ஆக்கும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை தேங்கிவிடும்.

லிக்னின் கான்கிரீட்டை உடைப்பதில் பாக்டீரியாவைவிடப் பூஞ்சைகள் கெட்டிக்காரர்கள். அதனால் மட்குவது என்பது ஒரே ஒரு பாக்டீரியாவின் தனி வேலை அல்ல. அது ஷிஃப்ட் முறையில் நடக்கும் ஃபேக்டரி. முதல் ஷிஃப்டில் சாதாரண வெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்கள் எளிதில் கரையும் சர்க்கரைகளைத் தின்கின்றன. அவை மூச்சுவிடும் சூட்டில் குவியல் 45 டிகிரியைத் தாண்டும். உடனே சூடு விரும்பும் பாசில்லஸ் வகைகள் இரண்டாம் ஷிஃப்டுக்கு வரும். குவியல் 60 டிகிரி வரை போகும். பிறகு சூடு இறங்க இறங்க ஆக்டினோமைசீட்ஸும் பூஞ்சையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றைக் கவனியுங்கள். தீ செய்வதும் பாக்டீரியா செய்வதும் அடிப்படையில் ஒரே வேலைதான். கார்பனை ஆக்சிஜனோடு சேர்ப்பது. தீ அதை ஒரு மணி நேரத்தில் செய்து எல்லாவற்றையும் காற்றில் விடுகிறது. பாக்டீரியா இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு, ஏறக்குறையப் பாதியை மட்காக நமக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது.

முப்பதுக்கு ஒன்று

இப்போது கணக்குக்கு வருவோம். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாக்டீரியா தின்கிற கார்பனில் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக வெளியே விடுகிறது. ஒரு பங்கில்தான் உடம்பைக் கட்டுகிறது. நுண்ணுயிர்களின் உடம்பில் கார்பன் 10 பங்கு இருந்தால் நைட்ரஜன் சுமார் 1 பங்கு வேண்டும். அப்படியானால் 30 பங்கு கார்பன் தின்றால் 20 மூச்சில் போக, 10 உடம்பில் தங்கும். அந்த 10-க்கு 1 நைட்ரஜன். ஆக, சாப்பாட்டில் கார்பனும் நைட்ரஜனும் 30-க்கு 1 என்று இருந்தால் அதற்குத் திருப்தி. மட்கு எரு பற்றிய புத்தகங்களில் வரும் 30:1 எங்கிருந்து வந்தது என்பது இதுதான்.

வைக்கோலில் எப்படி? காய்ந்த வைக்கோல் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

கார்பன் 40 சதவீதம்: 400 கிலோ.
நைட்ரஜன் 0.5 சதவீதம்: 5 கிலோ.
விகிதம்: 400 ÷ 5 = 80. அதாவது 80:1.

வேண்டியது 30:1. அதற்கு 400 ÷ 30 = 13.3 கிலோ நைட்ரஜன் தேவை. இருப்பதோ 5 கிலோ. பற்றாக்குறை 8.3 கிலோ. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். எனவே 8.3 ÷ 0.46 = 18 கிலோ யூரியா.

‘யூரியா எதுக்கு? சாணி போட்டா போதாதா?’ என்று எங்கள் தெருப் பெரியவர்கள் கேட்டார்கள். அதையும் கணக்கிலேயே பார்ப்போம். 200 கிலோ பச்சைச் சாணியில் சுமார் 160 கிலோ தண்ணீர். மீதி 40 கிலோவில் நைட்ரஜன் 1.5 சதவீதம் என்றால் வெறும் 0.6 கிலோ! பற்றாக்குறை 8.3 கிலோவுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே சாணியின் வேலை நைட்ரஜன் கொடுப்பது அல்ல, ஆள் கொடுப்பது. மாடும் வைக்கோலைத் தானாகச் செரிப்பதில்லை. அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் செரிக்கின்றன. சாணியைக் கரைத்துத் தெளித்தால் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களைக் கூலி இல்லாமல் வேலைக்கு வைத்த மாதிரி.

யூரியா வேண்டாம் என்பவர்களுக்கு வேலியோரக் கிளிரிசிடியா இருக்கிறது. 1,000 கிலோ பச்சைத் தழையில் காய்ந்த எடை 250 கிலோ. நைட்ரஜன் 3 சதவீதம் என்றால் 7.5 கிலோ. கார்பன் ஒரு 100 கிலோ. இதை வைக்கோலோடு சேர்த்தால் கார்பன் 500, நைட்ரஜன் 12.5. விகிதம் 40:1. இந்த விகிதத்திலும் மட்கும், கொஞ்சம் நாள் கூடும். 30-க்கு இறக்க வேண்டுமானால் இன்னும் 9 கிலோ யூரியா போதும். பாதி யூரியா மிச்சம்!

தண்ணீர், காற்று, உயரம்

நைட்ரஜனுக்கு அடுத்தது தண்ணீர். குவியலில் ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். 1,000 கிலோ காய்ந்த வைக்கோல் 60 சதவீத ஈரத்துக்கு வர வேண்டுமென்றால் மொத்த எடை 1,000 ÷ 0.4 = 2,500 கிலோ ஆக வேண்டும். அதாவது 1,500 லிட்டர் தண்ணீர்! பத்துக் குடம் தெளித்துவிட்டு ‘மட்கவே இல்லை’ என்றால் அது பாக்டீரியாவின் குற்றம் இல்லை. மழையில் நனைந்த வைக்கோலுக்கு இந்தச் செலவு பாதிக்கு மேல் மிச்சம். மாட்டுக்கு ஆகாத வைக்கோல்தான் பாக்டீரியாவுக்கு ரொம்பப் பிடித்த வைக்கோல். ஈரம் சரியா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது.

மூன்றாவது காற்று. ஈரம் அதிகமாகிக் காற்று அடைபட்டால் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கூட்டம் வந்துவிடும். அழுகல் நாற்றம் அடித்தால் அதுதான் அடையாளம். நல்ல மட்கு மண்வாசனைதான் அடிக்கும்.

நான்காவது உயரம். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். சின்னக் குவியலில் பரப்பு அதிகம், கன அளவு குறைவு. சூடு தங்காது. உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் அடியில் காற்று போகாது. 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நின்றால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் செத்துப்போகும். 70 டிகிரியை நெருங்கினால் நம் வேலைக்காரர்களே செத்துப்போவார்கள். அப்போது புரட்டிப் போட வேண்டும்.

இது நேற்று வந்த ஞானம் இல்லை. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் இந்தூரில் 1924-லிருந்து இதை ஆராய்ந்து, யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931-ல் புத்தகமாக எழுதினார். இந்திய விவசாயிகளின் பழக்கத்தைக் கூர்ந்து பார்த்தே அவர் நிறையக் கற்றுக்கொண்டார். ‘இந்தூர் முறை’ என்று இன்றும் அதற்குப் பெயர்.

சென்ற குறுவையில் அப்பா ஒரு மா வைக்கோலை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். சுமார் முக்கால் டன் இருக்கும். நானும் இரண்டு வகுப்புத் தோழர்களும் தென்னந்தோப்பில் குவியல் போட்டோம். நாலாம் நாள் உள்ளே கையை வைக்க முடியவில்லை. விடியற்காலையில் குவியலிலிருந்து ஆவி பறந்ததைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, உள்ள தீப்புடிச்சிருக்கு, தண்ணி ஊத்துங்க!’ என்று பக்கத்துத் தோப்புப் பெரியப்பா ஓடிவந்தார். மூன்று வாரத்தில் பிரித்துப் பார்த்தபோது நடுப்பகுதி காப்பி நிறத்தில் இருந்தது, ஓரம் வைக்கோலாகவே இருந்தது. ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் மாற்றினோம். புரட்டுவது காற்றுக்காக மட்டும் அல்ல, எல்லாப் பகுதிக்கும் சூடு கிடைக்கவும்தான்.

வயலிலேயே மடக்கி உழுதால்?

‘குவியல் எல்லாம் எதுக்கு? அப்படியே மடக்கி உழுதுட்டா மண்ணுலயே மட்கிடாதா?’ நல்ல கேள்வி. மட்கும். ஆனால் 80:1 வைக்கோல் மண்ணுக்குள் போனதும் பாக்டீரியாக்கள் பற்றாக்குறை நைட்ரஜனை எங்கிருந்து எடுக்கும்? மண்ணிலிருந்துதான். நடவு நட்ட பயிருக்கும் அவற்றுக்கும் போட்டி வரும். ஜெயிப்பது பாக்டீரியா. பயிர் மஞ்சளாகும். ‘வைக்கோலை மடக்கினா பயிர் வெளுக்குது’ என்று விவசாயிகள் சொல்வது மூடநம்பிக்கை அல்ல, கண்ணால் கண்ட உண்மை. பாக்டீரியாக்கள் செத்து மட்கும்போது அந்த நைட்ரஜன் திரும்ப மண்ணுக்கு வரும். ஆனால் அது வரும் வரை நாற்று காத்திருக்காது.

இன்னொன்று. நெல் வயலில் தண்ணீர் கட்டுகிறோம். தண்ணீருக்கு அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கே பச்சை வைக்கோல் அழுகினால் வேரைச் சுடும் அங்கக அமிலங்கள் உண்டாகும். பிறகு அவற்றைத் தின்று மீத்தேன் வாயு வெளிவிடும் நுண்ணுயிர்கள் பெருகும். மீத்தேன் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு மோசம்.

ஆகவே மடக்கி உழுவதென்றால் நறுக்கிப் பரப்பி, கொஞ்சம் தழைச்சத்து கொடுத்து, தண்ணீர் கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் ஈரப்பதத்தில் விட வேண்டும். அந்த நாள் கிடைத்தால் செய்யலாம். குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே கிடைக்காதவர்கள் வைக்கோலை வரப்போரமோ தோப்புக்கோ கொண்டுபோய்க் குவியல் போடுவதே வழி.

பாட்டிலும் காப்ஸ்யூலும்

வைக்கோலை மட்கவைக்க நுண்ணுயிர்க் கலவைகள் கிடைக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘பயோமினரலைசர்’ என்ற கலவையை டன்னுக்கு 2 கிலோ என்ற அளவில் பரிந்துரைக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் ‘பூசா டீகம்போசர்’ 2020-ல் பேப்பரில் எல்லாம் வந்தது. அது பூஞ்சைகளின் கலவை. 4 காப்ஸ்யூலை வெல்லமும் கடலைமாவும் கலந்த கரைசலில் பெருக்கி 25 லிட்டர் ஆக்கினால் ஒரு ஹெக்டேருக்குப் போதும். தெளித்து, மண்ணோடு கலந்து, ஈரம் வைத்தால் சுமார் 25 நாளில் தாள் இளகிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

இவை பயன் தருமா? நிலைமை சரியாக இருந்தால் வேகத்தைக் கூட்டும். ஆனால் எந்தப் பாட்டிலிலும் 8.3 கிலோ நைட்ரஜன் இல்லை. எந்தக் காப்ஸ்யூலிலும் 1,500 லிட்டர் தண்ணீர் இல்லை. சாப்பாடும் தண்ணீரும் தராமல் ஆளை மட்டும் வேலைக்கு அனுப்பினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். வாங்குகிறவர்கள் ஒரு சோதனை செய்யட்டும். ஒரே அளவில் இரண்டு குவியல். வைக்கோல், யூரியா, சாணி, தண்ணீர் எல்லாம் சமம். ஒன்றுக்கு மட்டும் பாட்டில். இரண்டும் ஒரே நாளில் மட்கினால் அடுத்த முறை பாட்டில் காசு மிச்சம்.

நம் லேபில் செய்து பார்க்க

பழைய வைக்கோல் போர் இருந்த இடத்து அடிமண்ணில் ஒரு கிராம் எடுங்கள். கொதிக்கவைத்து ஆற்றிய 9 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். அதில் 1 மில்லி எடுத்து அடுத்த 9 மில்லியில். இப்படி ஐந்தாறு முறை நீர்க்கச் செய்யுங்கள். கார்பாக்சி மெதில் செல்லுலோஸ் 1 சதவீதம், அம்மோனியம் சல்பேட், பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட் உப்புகள் சிறிதளவு, கெட்டியாக்க அகர். இதை பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்துத் தட்டுகளில் ஊற்றுங்கள். கடைசி நீர்ப்புகளில் ஒரு சொட்டு தடவி, 30 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். பிறகு 0.1 சதவீதக் காங்கோ சிவப்புச் சாயத்தை ஊற்றி 15 நிமிடம் கழித்து உப்புக் கரைசலால் கழுவுங்கள். செல்லுலோஸ் இருக்கும் இடம் சிவப்பாக நிற்கும். பாக்டீரியா அதைத் தின்ற இடம் வெளிர் வட்டமாகத் தெரியும். டெதர், வுட் என்ற இருவர் 1982-ல் வெளியிட்ட முறை இது. காங்கோ சிவப்பு கையில் படக் கூடாது, கையுறை அவசியம். வேலை முடிந்ததும் தட்டுகளை மறுபடி குக்கரில் வேகவைத்துத்தான் எறிய வேண்டும்.

வட்டம் பெரிசாக இருப்பதாலேயே அந்த பாக்டீரியா வைக்கோலைத் தின்றுவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். தட்டில் இருந்தது தண்ணீரில் கரைகிற செல்லுலோஸ். வைக்கோலில் இருப்பது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. அடுத்த படியாக வடிதாள் துண்டும், அதற்கடுத்து வைக்கோல் துண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

லேப் வசதி இல்லாத நண்பர்களுக்கு ஒரு சுலப வழி. சாயம் போடாத ஒரே பருத்தித் துணியில் ஒரே அளவில் துண்டுகள் வெட்டி, கொளுத்திய வயலிலும் கொளுத்தாத வயலிலும் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள். நாற்பது நாள் கழித்துத் தோண்டுங்கள். பருத்தி என்பது ஏறக்குறையச் சுத்தமான செல்லுலோஸ். எங்கே துணி அதிகம் இற்றுப் போயிருக்கிறதோ அங்கே நம் ஆட்கள் உயிரோடு வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்பா கேட்ட கேள்வி

குவியலை எல்லாம் பார்த்துவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ‘இதுக்கு எத்தனை ஆள் ஆச்சு?’

நாங்கள் மூன்று பேர் ஒரு முழு நாள். ஒவ்வொரு தடவை புரட்டவும் அரை நாள். கூலி போட்டுப் பார்த்தால், அந்த வைக்கோலில் இருக்கும் தழைச்சத்தை மானிய விலை யூரியாவாக வாங்குவது மலிவு. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ‘எரு செய்தால் உடனே லாபம்’ என்று விவசாயியிடம் சொன்னால் அவர் நம்மைவிடக் கணக்குத் தெரிந்தவர், சிரித்துவிடுவார்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? கடைசியில் சொல்கிறேன் என்ற கார்பனுக்காக. ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 15 சென்டிமீட்டர் ஆழம் எடுத்தால் 607 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் சுமார் 910 டன். மண்ணில் அங்ககக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று மண் பரிசோதனை அட்டையில் எழுதுகிறார்கள். அதை 0.1 சதவீதம் ஏற்ற வேண்டுமானால் 910 கிலோ கார்பன் மண்ணில் தங்க வேண்டும்.

ஏக்கருக்கு இரண்டரை டன் வைக்கோல் என்றால் அதில் 1,000 கிலோ கார்பன். மட்கும்போது பாதி போகும். வயலில் போட்டபின் மீதியிலும் ஒரு பகுதியே நிலைக்கும். ஆக, 0.1 சதவீதம் ஏறப் பல வருஷம் ஆகும். ஒரே வருஷத்தில் மண் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கொளுத்தினால் அந்த ஏற்றம் பூஜ்யம். கார்பன் குறைந்த மண்ணில் தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் நிற்காது. வருஷா வருஷம் யூரியா மூட்டை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, மண் இரண்டு நாள் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைப்பது சின்ன விஷயம் அல்ல.

அப்பாவின் கேள்விக்குப் பதில் பாக்டீரியாவிடம் இல்லை. நம்மிடம்தான் இருக்கிறது. ஆள் கூலியைக் குறைப்பது பொறியியல் வேலை. பஞ்சாபில் அறுவடை மிஷினின் பின்னாலேயே வைக்கோலை நறுக்கிப் பரப்பும் கருவியைப் பொருத்துகிறார்கள். நம் சேற்று வயலுக்கும் சின்ன வரப்புக்கும் ஏற்ற மாதிரி, பவர் டில்லரில் மாட்டும் நறுக்கியை மெக்கானிக்கல் நண்பர்கள் புராஜெக்ட்டாக எடுக்கலாம். நாலைந்து துளையிட்ட பி.வி.சி. குழாயை நடுவில் செருகி, ஒரு சின்ன ஊதியால் காற்று கொடுத்தால் புரட்டும் வேலை குறையும். சூடு ஏறினால் தானே ஓடி, இறங்கினால் நிற்கும்படி செய்வது எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் பொறுப்பு. மழைத் தண்ணீர் தேங்காத தளம் போட சிவில் நண்பர்கள் இருக்கிறார்கள். நைட்ரஜன் கணக்கை எங்கள் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

வரும் குறுவைக்கு அப்பா இரண்டு மா வைக்கோல் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: தாளடி நடவு ஒரு நாள்கூடத் தள்ளிப் போகக் கூடாது. நியாயமான நிபந்தனை. அதற்குள் வேலையை முடிக்க ஆளும் யோசனையும் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் எங்கள் பிரிவு லேபில் வந்து பாருங்கள், சேர்ந்து செய்வோம்!